மாடி எடுக்கும் முன் யாரைக் கேட்பது?

பழைய வீட்டில் ஓர் அறை கூட்டுவது, புதிதாக ஒரு வீடு கட்டுவதைவிடச் சிக்கலான வேலை. அதை வரைந்து தரச் சரியானவர் யார்? அவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

தாம்பரம், அம்பத்தூர், பூந்தமல்லி எனச் சென்னையின் புறநகர்த் தெருக்களில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும், சுற்றிலும் பில்லர் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்பது தெரியும். வீடு கட்டியபோது கையிலிருந்த பணம் தரைத்தளத்தோடு தீர்ந்திருக்கும். மேலே பின்னால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்ட கம்பிகள் அவை. சிலர் அவற்றுக்குச் சிமென்ட் பால் பூசி வைத்திருப்பார்கள். சிலர் பழைய பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள். பல வீடுகளில் அதுவும் கிடையாது. பதினைந்து, இருபது மழைக்காலங்களாக அவை சும்மா நனைந்துகொண்டிருக்கும். பிறகு ஒரு நாள் தேவை வந்துவிடுகிறது. மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஓர் அறை வேண்டும். ஊரிலிருந்து வந்துவிட்ட அப்பாவுக்குப் படியேறாமல் கீழேயே ஒரு படுக்கையறையும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் வேண்டும்.

உடனே கூப்பிடுவது தெரிந்த மேஸ்திரியை. அவர் வருகிறார், சுவரைத் தட்டிப் பார்க்கிறார், மேலே ஏறிக் கம்பியை ஆட்டிப் பார்க்கிறார். “தாராளமா எடுக்கலாம் சார், தாங்கும். சதுரத்துக்கு இவ்வளவு ஆகும்” என்கிறார். பூஜைக்கு நாள் பார்க்கும் பேச்சு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அந்த இடத்தில் பேச்சைச் சற்று நிறுத்தி, இன்னொருவரையும் கூப்பிட வேண்டும். மேஸ்திரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நல்ல மேஸ்திரி கலவையின் பதத்தைக் கரண்டியில் எடுத்தவுடன் சொல்லிவிடுவார். இரண்டு செங்கல்லை மோதவிட்டு, எழும் ஓசையில் சூளையின் தரத்தைச் சொல்வார். அந்த அறிவு கல்லூரியில் கிடைப்பதில்லை. ஆனால், மண்ணுக்குள் புதைந்த அஸ்திவாரத்தின் அகலமும், பில்லருக்குள் மறைந்த கம்பியின் கனமும் தட்டிப் பார்த்துத் தெரியக்கூடியவை அல்ல. புதிய வீட்டில் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு முதலிலிருந்து தொடங்கலாம். பழைய வீட்டில், யாரோ எப்போதோ போட்ட கணக்கின் மேல், அல்லது கணக்கே போடாததன் மேல், நாம் பாரம் ஏற்றுகிறோம். ஆகவே, கூடுதல் அறையை வரையத் தகுதியானவர் யார் என்று கேட்டால், புதிய அறையைப் பற்றிப் பேசும் முன் பழைய வீட்டைப் படிக்கத் தெரிந்தவர் என்பேன். பட்டம், பேர், அனுபவம் எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஓர் அறையின் எடை

மாடியில் 12க்கு 16 அடியில் ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். 192 சதுர அடி. ஏறக்குறைய இரண்டு சதுரம். ‘சின்ன ரூம்தானே’ என்று தோன்றும் அளவு.

கான்கிரீட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் இரண்டரை டன் எடை. அந்த அறைக்கு 5 அங்குலத்தில் தளம் போட்டால், தளம் மட்டுமே ஐந்தரை டன். நான்கு பக்கமும் 10 அடி உயரத்துக்கு 9 அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால், கதவு ஜன்னல் இடத்தைக் கழித்த பிறகும், பூச்சோடு சேர்த்து 20 டன்னுக்குக் குறையாது. தரைக்கு டைல்ஸ், அதன் அடியில் கலவை, கட்டில், பீரோ, மனிதர்கள். மேலே 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அது நிறைந்தால் ஒரு டன். எல்லாம் கூட்டினால் 30 டன்னைத் தொட்டுவிடும். இத்தனையும் கீழே இருக்கும் பில்லர்களின் வழியாக, அல்லது சுவர்களின் வழியாக, மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

கணக்கு இதோடு முடிவதில்லை. வரைபவரின் அறிவு இங்கேதான் பணமாக மிச்சமாகிறது. அதே சுவரைச் செங்கல்லுக்குப் பதில் ஏ.ஏ.சி. பிளாக்கில் கட்டினால் சுவரின் எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்த பிளாக்கின் அடர்த்தி செங்கல்லில் மூன்றில் ஒரு பங்குதான். தளத்தையும் இலகுவாக்க முடியும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் ‘ஃபில்லர் ஸ்லாப்’ முறையைச் சிறிய வீடுகளில் பரவலாக்கினார். தளத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கான்கிரீட் இழுவிசையைத் தாங்குவதில்லை, அந்த வேலையைக் கம்பிதான் செய்கிறது. அதனால், கம்பிகளுக்கு இடைப்பட்ட இடத்தில் மங்களூர் ஓட்டை வைத்துக் கான்கிரீட்டைக் குறைப்பார்கள். எடையும் குறையும், சிமென்ட்டும் குறையும். சில வீடுகளுக்குத் தளமே வேண்டாம். இரும்புச் சட்டத்தில் ஷீட்டோ ஓடோ போட்ட இலகுவான கூரையே போதும். சதுரத்துக்கு இவ்வளவு என்று விலை சொன்னவரிடம் இந்த யோசனைகளை எதிர்பார்க்க முடியாது. கான்கிரீட் கூடினால்தான் அவர் வேலையும் கூடும்.

பழைய வீட்டைப் படிப்பது என்றால் என்ன? முதலில், அது பில்லர் வீடா, சுவரே பாரம் தாங்கும் வீடா என்று பார்க்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் கட்டிய தரைத்தள வீடுகளில் ஏராளமானவை சுவர் தாங்கும் வீடுகள். அவற்றில் கீழே ஹாலைப் பெரிதாக்க ஒரு சுவரை இடித்துவிட்டு, மேலே ஓர் அறையும் எடுப்பது இரட்டை ஆபத்து. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் இன்னும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இருக்கின்றன. தேக்கு விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைக் குறுக்கே நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் கட்டி, மேலே தட்டோடு பதித்த கூரைகள். அவை வெயிலையும் மழையையும் தாங்க அமைந்தவை. இன்னொரு மாடியை அவற்றின் மேல் ஏற்ற நினைப்பவர் அந்தக் கூரையை அறியாதவர்.

அடுத்தது மண். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய வேளச்சேரியில் இருக்கும் களிமண் வேறு. பரங்கிமலை அடிவாரத்துப் பாறை வேறு. கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரத்துக் கரிசல் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். அந்த மண்ணில் நிற்கும் பழைய வீட்டின் பக்கவாட்டில் ஒரு புதிய அறையைச் சேர்த்தால், பழையது ஏற்கெனவே அமர்ந்துவிட்டது, புதியது இனிமேல்தான் அமரப்போகிறது. இரண்டையும் ஒரே சுவராகக் கோத்துக் கட்டினால் சேரும் இடத்தில் விரிசல் விழும். எத்தனை முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாலும் அது திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவே திட்டமிட்டு ஓர் இடைவெளி விட்டு, மழைநீர் புகாமல் மூடித் தருவது வரைபவரின் பொறுப்பு. புதிய அறைக்கு வானம் தோண்டும்போது பழைய அஸ்திவாரத்தைவிட ஆழமாக அதன் ஓரத்திலேயே தோண்டினால் பழைய சுவரின் பிடிமானம் போய்விடும் என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

பிறகு, அந்த நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். புதிய கம்பியைப் பழைய கம்பியோடு சேர்த்துக் கட்ட, கம்பியின் விட்டத்தைப் போல் ஏறக்குறைய 50 மடங்கு நீளம் ஒன்றன் மேல் ஒன்று படிய வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 16 மில்லிமீட்டர் கம்பி என்றால் 800 மில்லிமீட்டர், இரண்டரை அடிக்கும் மேல். பல மாடிகளில் வெளியே தெரிவது ஓர் அடிகூட இருக்காது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று தின்று கம்பியின் கனமே குறைந்திருக்கும். வெளியே துரு என்றால், அந்தத் துரு கான்கிரீட்டுக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று உடைத்துப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

நிலநடுக்கக் கணக்கையும் இதோடு சேர்க்க வேண்டும். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 1893 விதிநூலை 2002ல் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். மூன்றாம் மண்டலத்திலும் அதற்கு மேலும் கட்டும் கான்கிரீட் சட்டக வீடுகளுக்கான ஐ.எஸ். 13920, அதன் 2016 பதிப்பில் பில்லரின் குறைந்தபட்ச அகலமாக 300 மில்லிமீட்டரைச் சொல்கிறது, ஓர் அடி. நம் தெருக்களில் பழைய பில்லர்கள் 9 அங்குலம். அதனால் அந்த வீடுகள் விழுந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் ‘முன்னாடி கட்டினவங்க எல்லாம் யோசிச்சுத்தான் கட்டியிருப்பாங்க’ என்ற நம்பிக்கையின் மேல் 30 டன்னை ஏற்றக் கூடாது.

பலகையில் இருக்கும் பட்டங்கள்

நம் தெருக்களில் தொங்கும் பலகைகளில் ஆர்க்கிடெக்ட், சிவில் இன்ஜினியர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், பில்டர், இன்டீரியர் டிசைனர், பிளான் அப்ரூவல், வாஸ்து எல்லாம் ஒரே வரியில் இருக்கும். இவற்றில் சட்டம் காவல் நிற்பது முதல் பட்டத்துக்குத்தான்.

1972ன் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, ஐந்தாண்டு பி.ஆர்க். போன்ற அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். அவருடைய பதிவு எண் ‘சி.ஏ.’ என்று தொடங்கி, பதிவு செய்த ஆண்டைக் கொண்டிருக்கும். அந்த எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைச் சரிபார்க்கவும் முடியும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சட்டம் பட்டத்தைக் காக்கிறதே தவிர, வீடு வரையும் வேலையைப் பதிவு பெற்றவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கவில்லை. 2020ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே பதிவு இல்லாத ஒருவர் வீட்டை வரைவது குற்றமாகாது. பட்டத்தைப் போட்டுக்கொண்டால்தான் குற்றம்.

பொறியாளர்களுக்கு அப்படி நாடு முழுமைக்குமான சட்டம் இல்லை. தமிழ்நாட்டில் 2019ன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பதிவு பெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், ஆர்க்கிடெக்ட் என்று தனித்தனியே பிரித்துப் பதிவு செய்யச் சொல்கின்றன. சிவில் இன்ஜினியரிங் படித்த எல்லோரும் கட்டமைப்புப் பொறியாளர் ஆகிவிட மாட்டார்கள். சாலை போடுபவரும், அளவை எடுப்பவரும், தண்ணீர்க் குழாய் திட்டத்தில் இருப்பவரும் சிவில் இன்ஜினியர்கள்தான். பில்லரும் பீமும் தாங்குமா என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திடுபவர் கட்டமைப்புப் பொறியாளர். இன்டீரியர் டிசைனர் அலமாரியையும் சீலிங்கையும் அழகாகச் செய்து தருவார். சுவரை இடிக்கலாமா என்ற கேள்வியை அவரிடம் வைக்கக் கூடாது.

இவர்களில் யாரைக் கூப்பிடுவது? எல்லோரையும் கூப்பிடப் பணம் இல்லை என்பதே பெரும்பாலான வீடுகளின் நிலைமை என்பதால், என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். மேலே எடுப்பது என்றால் முதல் பணம் கட்டமைப்புப் பொறியாளருக்கு. அவர் முடியும் என்று சொன்ன பிறகே மற்றவர்கள். பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ நீட்டுவது என்றால் முதல் பணம் ஆர்க்கிடெக்டுக்கு. அங்கே எடையைவிட வெளிச்சமும் காற்றும் நடமாட்டமும்தான் பெரிய பிரச்சினை. கீழே ஒரு பாத்ரூம் மட்டும் சேர்ப்பது, போர்டிகோவை மூடுவது போன்ற வேலைகளுக்கு உள்ளூரில் பதிவு பெற்ற ஒரு நல்ல பொறியாளர் போதும். பெரிய அலுவலகம் வைத்திருப்பவர் இப்படிச் சின்ன வேலையை எடுத்துக்கொண்டு, அதைப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் தள்ளிவிடுவதும் நடக்கிறது. சின்ன வேலைக்குத் தானே நேரில் வரும் ஒருவர்தான் பொருத்தமானவர்.

அவர் முதல் தடவை வரும்போது

ஆளை எடைபோட அந்த முதல் ஒரு மணி நேரமே போதும். வந்து உட்கார்ந்ததும் செல்போனில் எலிவேஷன் படங்களைக் காட்டுகிறாரா, எழுந்து வீட்டைச் சுற்றி நடக்கிறாரா என்று கவனியுங்கள். நாடி பிடிக்காமல் மருந்து எழுதும் வைத்தியரிடம் நாம் திரும்பப் போவதில்லை. இங்கும் அதே விதிதான்.

நல்லவர் முதலில் பழைய பிளானைக் கேட்பார். அது இல்லை என்றால் முகம் சுளிக்காமல், டேப்பை எடுத்து இருக்கிற வீட்டை அளந்து வரைவதே முதல் வேலை என்பார். பாத்ரூம் கூரையின் அடியைப் பார்ப்பார். பூச்சு உப்பியிருக்கிறதா, கம்பி தெரிகிறதா என்று டார்ச் அடிப்பார். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும் என்பதால் அந்த உப்பல் அவருக்கு ஒரு செய்தி. வீட்டு மூலையில் ஒரு குழி எடுத்து அஸ்திவாரத்தின் ஆழத்தையும் அகலத்தையும் பார்க்க வேண்டும் என்பார். சந்தேகம் இருந்தால் ரிபவுண்ட் ஹாமர், அல்ட்ராசோனிக் போன்ற சோதனைகளைச் சொல்வார். கான்கிரீட்டைச் சேதப்படுத்தாமல் அதன் தரத்தை ஊகிக்க உதவும் சோதனைகள் அவை. செலவு கூடுகிறதே என்று நமக்குத் தோன்றும். அந்தச் செலவு, கட்டும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

அவர் கேட்கும் கேள்விகளும் முக்கியம். எத்தனை அறை வேண்டும் என்று மட்டும் கேட்பவர் வேறு. யார் தங்கப் போகிறார்கள், பத்து வருடம் கழித்தும் இதே ஆட்கள்தானா, மாடியை வாடகைக்கு விடும் எண்ணம் உண்டா என்று கேட்பவர் வேறு. வாடகை என்றால் வெளியே தனிப் படிக்கட்டு வேண்டும், தனி மின் இணைப்பு வேண்டும். வயதானவருக்கு என்றால் பாத்ரூம் கதவின் அகலத்திலிருந்து கணக்கு மாறும். வீட்டிலுள்ள பெண்களிடமும் அவர் நேராகக் கேட்கிறாரா என்று பாருங்கள். சமையலறைக்கும் துணி காயப்போடும் இடத்துக்கும் நடுவே ஒரு நாளில் எத்தனை நடை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வாஸ்து பார்க்கும் வீடு என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. படம் முடிந்து, பில்லர் இடம் குறித்த பிறகு இன்னொருவர் வந்து கழிவறையை மாற்றச் சொல்வதில்தான் பணமும் உறவும் வீணாகின்றன.

அவர் செய்த வேலையைப் பார்க்கப் போகும்போது, போன மாதம் முடிந்த வீட்டுக்குப் போகாதீர்கள். பெயின்ட் வாசனை போகாத வீடு எதையும் சொல்லாது. இரண்டு மூன்று மழையைப் பார்த்துவிட்ட வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் மூலையையும், மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே இருக்கும் அறையின் கூரையையும் பாருங்கள். படியேறும்போது தலை இடிக்கிறதா என்று ஏறிப் பார்த்துவிடுங்கள். பிறகு அந்த வீட்டுக்காரரிடம், சொன்ன செலவுக்கும் ஆன செலவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்றும், பிரச்சினை வந்தபோது போன் எடுத்தாரா என்றும் கேளுங்கள்.

‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்தவரை நான் இன்னும் அதிகமாக நம்புவேன். கட்ட வேண்டாம், இந்த ஸ்டோர் ரூமையும் பின் வராந்தாவையும் சேர்த்தாலே உங்களுக்கு வேண்டிய அறை கிடைத்துவிடும் என்று ஒருவர் சொன்னால், அவர் தன் வருமானத்தைவிட உங்கள் வீட்டை முன்னால் வைக்கிறார்.

இருட்டாகிவிடும் பழைய அறை

பின்பக்கம் ஓர் அறை கூட்டினால், அதுவரை பின்பக்கத்தைப் பார்த்திருந்த அறையின் ஜன்னல் அடைபட்டுவிடும். நம் ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகளின் நடு அறைகள் இப்படித்தான் இருட்டாகின. பகலிலும் டியூப் லைட், புழுக்கம், சுவரில் பூஞ்சை. கூட்டியது ஓர் அறை, இழந்தது ஓர் அறை. கூரையில் ஒரு கண்ணாடித் திறப்பு, இரண்டுக்கும் நடுவே மூன்றடி அகலத்தில் ஒரு சின்ன முற்றம், எதிரெதிர் ஜன்னல்கள் என்று இதற்கு வழிகள் இருக்கின்றன. அவற்றை மனையின் திசையையும் காற்றையும் பார்த்து முடிவு செய்வது ஆர்க்கிடெக்ட் படித்து வந்த வேலை.

கொழும்பில் 33ஆவது லேனில் இருக்கும், இலங்கை ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவாவின் வீடு இதற்கு அருமையான பாடம். 1950களின் இறுதியில் ஒரு சந்தில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளில் ஒன்றில் குடியேறி, பின்னர் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒரே வீடாக மாற்றினார். சேர்த்தபோது இடத்தையெல்லாம் கூரை போட்டு நிரப்பவில்லை. நடுநடுவே வானம் தெரியும் சின்னச் சின்ன முற்றங்களை விட்டார். வெளிச்சமும் மழையும் வீட்டுக்குள் வந்துபோகும்படி. வீட்டைப் பெரிதாக்க அவர் இடத்தைத் திறந்துவிட்டார். செட்டிநாட்டிலும் தஞ்சையிலும் முற்றம் வைத்துக் கட்டிய நமக்கு இது புதிதும் அல்ல.

பக்கவாட்டில் நீட்டும்போது மறந்துபோகும் இன்னொன்று மழைநீர்த் தொட்டி. 2003லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பழைய வீட்டின் குழி பெரும்பாலும் பக்கச் சந்தில்தான் இருக்கும். புதிய அறையின் தரை அதை மூடிவிட்டால் மாடித் தண்ணீர் முழுவதும் அஸ்திவாரத்தின் ஓரத்தில் இறங்கும்.

பணம்

“டிராயிங் ஃப்ரீ சார், கட்டுற வேலையை எங்ககிட்ட குடுத்தா போதும்.” இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க மாட்டார்கள். அது இலவசம் இல்லை. சதுர அடி விலைக்குள் இருக்கிறது. பணத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு. வரைந்தவரும் கட்டுபவரும் ஒருவரே என்றால், பில்லர் கம்பிகளைச் சுற்றி 8 அங்குல இடைவெளியில் கட்ட வேண்டிய வளையத்தை 12 அங்குலத்தில் கட்டினால் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல அந்த இடத்தில் யாரும் இல்லை. வரைபவருக்குத் தனியாகப் பணம் கொடுங்கள் என்பதே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

கட்டணம் பல விதமாக வாங்குகிறார்கள். கட்டும் செலவில் இத்தனை சதவீதம், சதுர அடிக்கு இத்தனை ரூபாய், மொத்தமாக ஒரு தொகை. சிறிய வேலைக்கு மொத்தத் தொகைதான் இருவருக்கும் நல்லது. சதவீதத்தில் 12 லட்ச ரூபாய் வேலைக்கு 5 என்றால் 60,000. செலவு 18 லட்சமாக ஏறினால் 90,000. செலவைக் குறைத்துத் தரவேண்டியவரின் வருமானம் செலவோடு ஏறக் கூடாது. அவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் என்றால் 18 சதவீதம் தனியாக வரும். பேசும்போதே அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டாம். முதலில் பழைய வீட்டை ஆராய்ந்து ஓர் அறிக்கை தருவதற்கு மட்டும் ஒரு தொகை. அது பிடித்தால் மேற்கொண்டு வரைபடம். அறிக்கையோடு பிரிந்துவிட்டாலும் நட்டமில்லை, அந்தத் தாள் உங்களிடம் இருக்கும். மீதியைப் படிப்படியாக, கடைசிப் பங்கைத் தளம் போட்ட பிறகு. இத்தனையையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். என்னென்ன படம் தருவார், எத்தனை முறை நேரில் வருவார், எத்தனை முறை மாற்றிக் கேட்கலாம் என்பது அதில் இருக்கட்டும்.

படங்களிலும் இரண்டு விதம் உண்டு. அலுவலகத்தில் கொடுக்கும் அப்ரூவல் டிராயிங் வேறு. கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் ஒர்க்கிங் டிராயிங் வேறு. முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போகிறவர்கள் அதிகம். எந்தக் கம்பி எத்தனை, வளைவு எங்கே, சுவிட்ச் எந்த உயரத்தில், குழாய் எந்தப் பக்கம் என்ற விவரம் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு தொடங்கும் வேலையில் ஒவ்வொரு காலையும் ஒரு புது முடிவு எடுக்க வேண்டியிருக்கும்; ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு புதுச் செலவு.

அனுமதி

‘நம்ம வீடு, நம்ம மாடி, யார் கேக்கப்போறாங்க?’ என்பது பரவலான நினைப்பு. கூடுதல் கட்டுமானத்துக்கும் அனுமதி வேண்டும். பக்கங்களில் விடவேண்டிய இடம், உயரம், மொத்தக் கட்டடப் பரப்பு எல்லாவற்றையும் பழையதையும் புதியதையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். வங்கியில் கடன் கேட்டாலும் அங்கீகரித்த பிளானும் செலவு மதிப்பீடும் கேட்பார்கள். நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீலும் கேட்பார்.

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரையும் முதல் தளமுமோ கொண்ட குடியிருப்புக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடி அனுமதி கிடைக்கும். ஏற்கெனவே நிற்கும் உங்கள் வீட்டின் மேல் எடுப்பதற்கு அந்த வழி பொருந்துமா என்று விண்ணப்பிக்கும் முன் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதிகாரி சரிபார்த்துக் கொடுத்த அனுமதிக்கும் நாமே சான்று சொல்லி வாங்கும் அனுமதிக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. பின்னதில், சொன்னது தவறு என்றால் பொறுப்பு நம்முடையது. ஆகவே வரைபவர் விதிகளை அறிந்தவராக இருப்பது இப்போது முன்னைவிட அவசியமாகிவிட்டது. ‘அப்ரூவல் நான் பார்த்துக்கிறேன், நீங்க கவலைப்படாதீங்க’ என்று மட்டும் சொல்பவரிடம், எந்த விதியின் கீழ், எத்தனை அடி விட்டு, யார் கையெழுத்தில் என்று விவரம் கேளுங்கள்.

தளம் போடும் நாளுக்கு முன்

வரைந்தவர் வந்தே ஆகவேண்டிய சில நாட்கள் உண்டு: அஸ்திவாரக் குழி எடுத்து முடிந்த நாள், பழைய கம்பியோடு புதிய கம்பியை இணைக்கும் நாள், கம்பி கட்டி முடித்துக் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள். லாரி பேக்கர் தன் வீடுகளைக் கட்டும் இடத்தில் நின்றபடியே மாற்றி மாற்றி வரைந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் அப்படி நிற்க முடியாது. ஆனால் இந்த மூன்று நாட்களுக்காவது வருவதாகத் தாளில் எழுதி வாங்கலாம்.

பழைய கம்பியின் நீளம் போதாதபோது பில்லரில் துளையிட்டு ரசாயனப் பசையில் புதிய கம்பி நடுவார்கள். துளையின் ஆழம் குறைந்தாலோ, உள்ளே இருக்கும் தூசியை ஊதி எடுக்காமல் பசையை ஊற்றினாலோ அந்தக் கம்பி பிடிக்காது. ஒரு முறை கான்கிரீட் மூடிவிட்டால் பிறகு யாராலும் பார்க்க முடியாது. அதை நடும்போது அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கூலிக்கு வந்த தம்பிகளிடம் விட்டுவிட்டுப் போகும் வேலை இல்லை அது.

கம்பி கட்டி முடிந்ததும் டேப்பை வைத்து அளவு தெரியும்படி எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கையெழுத்திட்ட ஸ்ட்ரக்சுரல் டிராயிங், மண் அறிக்கை, சோதனை முடிவுகள், குழாயும் ஒயரும் சுவருக்குள் போகும் வழியைக் காட்டும் படம், இந்தக் கம்பிப் படங்கள் எல்லாவற்றையும் வீட்டுப் பத்திரத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். இன்னொரு இருபது வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் கூப்பிட்டு வரும் பொறியாளர் முதலில் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.